வலது லீவர்

இடது இன்ஜின் நின்றுபோய், வலது மட்டும் ஓடுவதால், சின்ன விமானத்தின் மூக்கு இடப்பக்கமாக இழுக்கிறது. அதை நேரே பிடிக்க, ஓட்டுகிற தம்பி வலது காலால் மிதியை அழுத்துகிறான். நின்ற இன்ஜினை முழுதாக அணைக்க, அதன் லீவரைத் தொட்டு, எந்தப் பக்கம் என்று சொல்லி, பக்கத்திலிருப்பவர் "சரி" என்ற பிறகுதான் இழுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் அக்கா வாய் திறப்பதற்குள் இழுத்துவிடுகிறான். இரைச்சல் அடியோடு அடங்குகிறது. வெயிலில் வலப்பக்கக் காற்றாடியின் மூன்று இறக்கைகளையும் எண்ண முடிகிறது. "எதைடா இழுத்த?" "இடதுதான்கா." மிதிக்கிற காலின் பக்கமே கையும் போயிருக்கிறது. வலது லீவரில் இறுகிக் கிடக்கும் அவன் விரல்களை அக்கா ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். இப்போது மூக்கை எந்த இன்ஜினும் இழுக்கவில்லை. ஆனாலும் அவன் கால் மிதியை விடுவதாக இல்லை.