வலிக்காத வார்த்தை

"சார், உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

உதவியாளப் பெண் சொல்லி முடிப்பதற்குள் மனிதவள அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். "தப்பு! முதல் வரியே தப்பு. மூஞ்சியில அடிச்ச மாதிரி இப்படியா சொல்றது?"

அலுவலகத்தில் அவருக்கு மயிலிறகு என்று பெயர். இதுவரை நூற்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஒருவரிடமும் 'நீக்கம்' என்ற சொல்லை உச்சரித்ததில்லை. 'விடுவிப்பு' என்பார், 'புதிய தொடக்கம்' என்பார், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விடுவார். போனவர்கள் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்பது அவர் இலாகா இல்லை.

இந்த மகத்தான கலையை உதவியாளப் பெண்ணுக்கும் புகட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஒத்திகை. வேலை போகிற ஆளாக அவர் உட்காருவார், சேதி சொல்பவளாக அவள் நிற்பாள்.

இந்த வாரம் ஒருவரை அனுப்பப் போவதாகவும், அதை அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்றும் மேலிடம் தெரிவித்திருந்தது. யாரை என்று மயிலிறகு கேட்கக்கூட இல்லை. எவனாயிருந்தால் நமக்கென்ன, சிஷ்யை சொதப்பாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார். மாலை நாலு மணிக்கு அவளாகவே கதவைத் தட்டிக்கொண்டு வந்ததில் மனிதருக்கு ஏகப் பெருமை.

"இன்னொரு தடவை சொல்லு. 'உங்க திறமைக்கு இந்த இடம் சின்னது'ன்னு ஆரம்பி."

"சார், நான் என்ன சொல்ல வரேன்னா..."

"என்ன சொல்றோம்கிறது முக்கியமில்லம்மா. எப்படிச் சொல்றோம்கிறதுதான் முக்கியம். ம், ஆரம்பி!"

அவள் கையிலிருந்த உறை கசங்கியது. "உங்க திறமைக்கு இந்த இடம் சின்னது சார். இருபத்திரண்டு வருஷம் உழைச்சிருக்கீங்க. நிர்வாகம் உங்களை... விடுவிக்குது."

"பலே! என்னோட சர்வீஸையே சேத்துக்கிட்டியா? கெட்டிக்காரி!"

அவள் கண்கள் கலங்கின. "அழக்கூடாது. அழறது அவன் வேலை" என்று அதட்டினார்.

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க சார்..."

"மேலிடம்னா மிரண்டுடுவான். 'நாம எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு'ன்னு சொல்லு. அப்புறம் சம்மதமான்னு கேளு. அவன் வாயாலயே சரின்னு வரவழைக்கணும், அதுலதான் நம்ம சாமர்த்தியமே இருக்கு."

"இது நாம எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. உங்களுக்குச் சம்மதம்தானே சார்?"

மயிலிறகு நாற்காலியில் சரிந்து, வேலை போனவன் முகத்தை வரவழைத்துக்கொண்டார். நூற்று நாற்பது முறை பார்த்த முகம்தானே, என்ன கஷ்டம்? "மனசார ஏத்துக்கறேம்மா" என்று தழுதழுத்தார். பிறகு தன் நடிப்பைத் தானே மெச்சிக் கடகடவென்று சிரித்தார்.

"பாத்தியா? அவனுக்குத் துளி வலிச்சிருக்காது!"

அவள் உறையைப் பிரித்து, கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். மேலே அவருடைய பெயரும் கீழே முதலாளியின் கையெழுத்தும் இருந்தன. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நான் ஒத்திகைக்கு வரலை சார்."