படலையில் ஒட்டிய கடதாசி

“வழி விடு தம்பி. என்ர பிள்ளைக்கு வயித்துக்குத்துத் தொடங்கிட்டுதாம். நான் போகவேணும்.”

கையில் பையோடு வேலிப் படலையடியில் நின்றாள் சிவலட்சுமி. பைக்குள் பழைய நூல் சேலைகளும் பிள்ளை பெற்றவளுக்கென்று வறுத்து இடித்த சரக்குத்தூளும். மகள் சுதாஜினி தலைப்பிள்ளைப் பேற்றுக்காக வவுனியா ஆஸ்பத்திரியில். அவள் இருக்கும் கனகராயன்குளத்திலிருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

படலைக்கு வெளியே நின்றவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ சுதாகரன். முந்தின நாள்தான் சிவலட்சுமியின் கணவர் ஐயாத்துரைக்குக் கொரோனா என்று அம்புலன்சில் ஏற்றிப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் பதினாலு நாள் தனிமைப்படுத்தல் என்று கடதாசி ஒட்டியதும் சுதாகரன்தான்.

“உங்களுக்கும் சாம்பிள் எடுத்திருக்கு அம்மா. ரிசல்ட் வரட்டும்.”

“எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை!”

“இருந்தாலும் விடேலாது. அங்க நேர்ஸோட கதைச்சனான். மகளைக் கவனமாப் பாத்துக்கொள்ளுறன் எண்டவா.”

“தாய் செய்யிறதை நேர்ஸ் செய்வாவோ? போன கிழமை பெரிய ஆக்களின்ர கலியாணத்தில நூறு சனம். அங்க ஒட்டினியோ கடதாசி? எங்களை மாதிரி ஏழையளிலதானே உன்ர சட்டம்!”

அவர் வழி விடவில்லை.

சிவலட்சுமி எட்டி வந்து துப்பினாள். அவர் போட்டிருந்த மாஸ்க்குக்கு மேலால் போய்க் கண்ணில் பட்டது எச்சில்.

ஒழுங்கையில் வேறு ஒருத்தரும் இல்லை. சுதாகரன் போத்தல் தண்ணியால் கண்ணைக் கழுவினார்.

“உள்ளுக்குப் போங்கோ அம்மா” என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் பேரன் பிறந்தான். போனில் அவன் முகத்தைப் பார்த்து அழுதபடியே சிவலட்சுமி மகளிடம் சொன்னாள்: “என்னை விடாதவருக்கு நல்லாக் குடுத்திருக்கிறன்.”

மறுநாள் ரிசல்ட் வந்தது. அவளுக்கும் கொரோனா.

போயிருந்தால் அந்தப் பச்சைக் குழந்தையை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சியிருப்பாள். நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. சுதாகரன் வந்ததும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று காத்திருந்தாள்.

ஆனால் அம்புலன்சோடு வந்தவர்கள் வேறு ஆட்கள். என்னில கோவம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று கிழமை கழித்து, சுகமாகி வீடு வந்தவளைப் பார்க்க வந்தவரும் வேறு ஆள். ஜனார்த்தனன் என்று ஒரு பி.எச்.ஐ.

“சுதாகரன் தம்பி வரேல்லையோ?”

“அவர் தன்ர ஊர் கொக்கிளாயில நிக்கிறார் அம்மா. அப்பா மோசம் போயிட்டார். பத்து நாளாச்சு.”

“ஐயோ! கடைசி நேரம் பக்கத்தில நிண்டவரோ?”

“எங்க? ஒரே மகன். கொள்ளி வைக்கவும் போகேல்லை. பெரியப்பாவின்ர மகன்தான் வைச்சது.”

“ஏன்?”

“அவரும் அப்ப தனிமைப்படுத்தலில. ஆரோ தொற்றுள்ள ஆளுக்குக் கிட்டப் போயிட்டாராம். ஒரு மணித்தியாலம் போயிட்டு வாங்கோ எண்டு நாங்கள் எவ்வளவோ சொன்னனாங்கள். மாட்டன் எண்டிட்டார். தேப்பன்ர முகத்தைப் போனிலதான் பாத்தவர்.”

“எப்ப... எப்ப கிட்டப் போனவராம்?”

“பதினேழாம் திகதி.”

பேரன் பிறந்த நாள்.

அவள் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கவேண்டியது எவ்வளவோ இருந்தது. ஆனால் வாயில் முதலில் வந்தது பயம்தான். அதை நினைக்க அவளுக்கே கூசியது.

“என்ன நடந்தது, ஆர் எண்டு... ஏதும் சொன்னவரோ?”

ஜனார்த்தனன் கடதாசியைச் சுரண்டி எடுத்தபடி சொன்னார்:

“இல்லை அம்மா. பிழை தன்னிலதானாம். மாஸ்க்கைக் கழட்டி வைச்சிட்டு நிண்டவராம். அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கிறார்.”