பலகை ஆடும் படத்து ஆடும்

ஓவியக்காரி ஒருத்தி அச்சடிக்க மரப்பலகையில ஆடு ஒண்ணைச் செதுக்கி, அதுக்குக் கயிறும் முளைக்குச்சியும் செதுக்கி அதுலயே கட்டியிருந்தா. எங்க சின்ன மாமியாரோட ஆடு காயப்போட்ட புடவையையே தின்னுடும். சரி, அதை விடு. பலகையில மை தடவி அம்பது படம் அச்சடிச்சா. அப்புறம் உளியை எடுத்தா.

"அய்யோ, இப்ப எதுக்கு உளி?"ன்னு பதறுச்சு பலகை ஆடு.

"குறுக்கே கோடு கிழிச்சு உன்னைக் கெடுக்கத்தான். இனிமே அச்சடிக்க முடியாதுன்னாத்தானே எங்களுக்கு விலை!"ன்னுச்சு கடைசிப் படத்து ஆடு.

"நல்லா இருங்கடி!"ன்னு பலகை ஆடு கண்ணை மூடிக்கிச்சு.

உளி சர்ருன்னு ஓடுச்சு. கண்ணைத் தொறந்தா, கோடு கயித்தை ரெண்டா வெட்டியிருக்கு!

அம்பது ஆடும் கயித்தோட, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள, லட்ச லட்சமா விலைபோச்சு.

"உனக்குத்தான் விலையே இல்லாமப் போச்சேடி"ன்னு ஒண்ணு இரக்கப்பட்டுச்சு.

"ஆமாண்டி"ன்னுட்டு, பலகை ஆடு சாவகாசமா கோட்டுக்கு அந்தப் பக்கம் மேயப் போயிடுச்சு.