தண்ணீர் குடிக்காத பிள்ளை

ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று டாக்டர் கேட்டதும், அம்மா மாடத்தி வாயைத் திறப்பதற்குள் சங்கரி முந்திக்கொண்டாள்.

"கிளாஸ் நடக்கும்போது எந்திரிச்சா டீச்சர் ஏசும், டாக்டர். அதான் தண்ணி குடிக்கமாட்டேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த சுபாஷிணி டீச்சர், வேறு யாரையோ சொல்கிறாள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்ததே அவர்தான். பிரேயருக்கு நின்ற சங்கரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்தார். போர்ட் கொச்சியில் லாட்ஜ் அறைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மாடத்திக்குப் போன் போட்டதும் அவர்தான். பிள்ளை எடுத்த வாந்தி அவர் சேலையில் இன்னும் காயவில்லை.

மூத்திரத்தில் சீழ். கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது. காய்ச்சல் அதனால்தான் என்றார் டாக்டர். அடக்கி அடக்கி வைத்து வரவழைத்துக்கொண்ட சீக்கு.

கொரோனா கொஞ்சம் அடங்கிப் பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கவில்லை. வாரத்தில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டிலிருந்து போனில்.

மாடத்தி அதற்காக என்ன செய்யாமல் விட்டாள்? லாட்ஜில் கழித்துப்போட்ட மேசையைக் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்தாள். பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு ஃபேன். சோறும் குழம்பும் கை எட்டுகிற தூரத்தில். குடம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். புருஷன் முத்துவேலுக்குக் கட்டட வேலை. வேலை நடக்கிற இடத்திலேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் குடம் வைத்தபடியே இருக்கும்.

ஏன் குடிக்கவில்லை என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"வீட்டுல கக்கூஸ் தூரமோ மோளே?" என்றார் டாக்டர்.

"முத்தத்துலதான். எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு. பக்கம்தான்."

டாக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "ஒண்ணுக்குப் போறதுக்கும் உங்க பெர்மிஷன் வேணுமோ டீச்சரே?"

"ஈஸ்வரா! நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே, குட்டி."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வாக்கியத்தின் கடைசியிலேயே டீச்சருக்குக் குரல் இறங்கிவிட்டது. கேமராவை அணைத்துவைத்த பிள்ளைகளை ஏசியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டும் பதில் சொல்லாத சங்கரியை, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டதும். நேரில் வருகிற நாளிலும் இந்தப் பிள்ளை இப்போதெல்லாம் பேசுவதில்லை, கூட்டாளிகளோடும் சேருவதில்லை, போன் பிடித்துப் பிடித்து இப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று அவரே சற்று முன்னால் டாக்டரிடம் சொல்லியிருந்தார்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தாத கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான். இனிமே யார்கிட்டயும் கேக்காதே. எந்திரிச்சுப் போயிடு. கேட்டியா?"

சங்கரி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். கணக்குக்கு விடை சொல்லிவிட்டு, சரிதானா என்று பார்க்கிற பார்வை.

ஒரு வார்த்தை போதும். மாடத்திக்கு அது தொண்டைவரை வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டைத் தானே வாங்கிக்கொண்டு வெளியே போனார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மாடத்தி குனிந்து பிள்ளையின் காதுக்குள் கேட்டாள். "ஏன்ட்டி டீச்சரைப் போய்ச் சொன்ன?"

"உன்னைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்கள்ல."

ஊசி எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும், பள்ளிக்கு வரவேண்டாம், போன் வகுப்பே போதும் என்று டீச்சரே சொல்லியனுப்பினார். பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

வேலைக்குப் போகவேண்டிய முதல் நாள் காலையில் மாடத்தி, கடைத்தெருவில் வாங்கிவந்த மூடி போட்ட வாளியை அறையின் மூலையில் வைத்தாள்.

"இதுல போய்க்கோ. நல்லாத் தண்ணி குடி."

சங்கரி வாளியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மாடத்தி வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். போன் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து பூட்டுவதுபோலத்தான்.

பின்வரிசை வீட்டில் தனியாக இருந்த ஒரு பிள்ளைக்கு நடந்ததை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரிந்த ஆள்தான் தட்டியிருக்கிறான். தெரிந்த ஆள் என்றுதான் அந்தப் பிள்ளை திறந்திருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொன்னால் சங்கரியும் திறப்பாள். வெளியே பூட்டுத் தொங்கினால், ஆளில்லை என்று எவனும் போய்விடுவான்.

பாடத்தைக் காதில் ஒயர் மாட்டிக் கேட்டுக்கொள்ளலாம்; உள்ளேயிருந்து பேச்சுக்குரல் மட்டும் வரக் கூடாது. டீச்சர் கேள்வி கேட்டாலும் சரி.

பூட்டை இழுத்துப் பார்த்தாள். கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

உள்ளே ஆள் இருக்கிற சத்தமே இல்லை.