தேங்கிய பெட்ரோல்

ஷெட்டின் பாதி திறந்த ஷட்டர் வழியே சாயங்கால வெயில் தரையில் பட்டையாகக் கிடக்கிறது. சேறு போகக் கழுவித் துடைத்த டர்ட் பைக், இரண்டு சக்கரமும் தரை தொடாமல் ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. மழைக்காலம் முடியும்வரை அதற்கு ஓய்வு. பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து கலந்து டேங்கை விளிம்புவரை நிரப்பியாயிற்று. கணவன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான். பந்தயத்தில் விழுந்து முறிந்த கை கழுத்துத் துணியில் தொங்குகிறது. அதனால் ஸ்க்ரூ டிரைவர் மனைவியிடம் இருக்கிறது. இந்த வண்டியே நமக்கு வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்.

"பெட்ரோல் குழாயை மூடிட்டியா? இப்ப கார்புரேட்டர் அடியில இருக்கிற ஸ்க்ரூவத் தளர்த்து. உள்ள தேங்கின பெட்ரோல் அப்படியே நின்னா பிசின் மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் வண்டி கிளம்பாது."

"கிளம்பலைன்னா?"

"காயலான் கடைதான்."

ஸ்க்ரூ டிரைவர் ஸ்க்ரூவின்மேல் அசையாமல் நிற்கிறது. அவனுக்கு அவள் முதுகு மட்டுமே தெரிகிறது. வெளியே யாரோ கதவை இழுத்துச் சாத்துகிறார்கள். அவள் மணிக்கட்டைத் திருப்புகிறாள். பெட்ரோல் மெல்லிய நூலாகக் கண்ணாடிக் குப்பிக்குள் இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகிறது. அதன் நெடி ஷெட்டை நிறைக்கிறது.

"போதும், மூடிடு" என்கிறான் அவன்.

"இருங்க. இன்னும் சொட்டுது."