டயருக்கு என்ன வயசு?

கிறீச்சென்று பிரேக் போட்ட கார், டயர் கடை வாசலில் அடுக்கியிருந்த டயர்களை இடிக்காத குறையாக வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தவரைப் பார்த்ததும் கடைக்காரருக்குக் குடித்த டீ புரையேறியது.

நேற்றுத்தான் நாலு டயரையும் புதிதாக மாட்டிக்கொண்டு போன கணக்கு வாத்தியார்!

"என் பழைய டயரெல்லாம் எங்கப்பா?"

"மூணு பழைய சாமான் வண்டியில போயிடுச்சு சார். ஒண்ணு மட்டும் பின்னாடி கிடக்கு. ஏன் சார், புது டயர்ல ஏதாச்சும்..."

"புதுசு கிடக்கட்டும்! பழசுல ஒரு நம்பர் போட்டிருக்குமே, அதை உடனே பார்க்கணும்."

கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "டயருக்கு வயசாயிடுச்சு சார், ஆறு வருஷம் தாண்டியாச்சு. வெடிச்சுத் தொலைக்கும்" என்று நேற்று அடித்துச் சொல்லி மாற்ற வைத்ததே அவர்தான். உண்மையில் அந்த டயரை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இது தெரிந்தால் வாத்தியார் சும்மா விடுவாரா? பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிடுவார். அப்புறம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சேறு அப்பிய டயரை உருட்டி வந்து போட்டார். பேச்சை மாற்றிப் பார்த்தார்.

"இந்த நூத்தியெண்பத்தஞ்சு இருக்கே, டயரோட அகலம் சார். அறுபத்தஞ்சுங்கிறது பக்கச் சுவரோட உயரம், அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு. பதினாலு, ரிம் அளவு..."

"பாடம் எடுக்குறது என் வேலைப்பா! முட்டை மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். அது எங்க?"

போச்சு! டயர் தயாரான வாரமும் வருஷமும் எங்கே இருக்கும் என்பதுவரை இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குள் வாத்தியாரின் ஃபோன் அலறியது. அவர் மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "டயரை மாத்துறதுக்கு முன்னாடி யோசிக்க வேணாமா? எங்கப்பா இங்க கொதிச்சுப்போய் நிக்கிறார்!"

"இரும்மா, ஒரு டயர் கையில சிக்கிருச்சு. வச்சிடாத!"

மாமனார் வேறு கிளம்பிவிட்டாரா! கடைக்காரர் கைகளைக் கூப்பிவிட்டார்.

"சார், தப்பு என்மேலதான். வயசைக் குத்துமதிப்பா அடிச்சு விட்டேன். ஸ்டெப்னிக்கும் ஒரு புது டயர் சும்மாவே போட்டுத் தர்றேன். மாமா வரைக்கும் கொண்டுபோகாதீங்க!"

வாத்தியார் காதிலேயே வாங்கவில்லை. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து டயரைப் பரபரவென்று தேய்த்தார். சேறு விலகியது. முதலில் இரண்டு. இன்னொரு இரண்டு. கடைக்காரரும் குனிந்து பார்த்தார். ஒன்று... ஏழு.

"இருபத்திரெண்டாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினேழு!" என்று துள்ளிக் குதித்தார் கடைக்காரர். "பார்த்தீங்களா சார், நான் சொன்னதைவிடக் கிழட்டு டயர்! அந்த ஸ்டெப்னி விஷயத்தை மறந்துடுங்க!"

வாத்தியார் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினார்.

"நம்பர் கிடைச்சிருச்சும்மா! ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ஏழு... வாசக்கதவு நம்பர் பூட்டுல அழுத்தி, உங்கப்பாவை முதல்ல உள்ள கூட்டிக்கிட்டுப் போ!"