ஏழாம் எண் கூண்டு

பசியை அடக்கும் புது மருந்தை எலிக்குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றுவது ஆய்வுக்கூடத்தில் ஜெசிந்தாவின் வேலை. மற்றவை இளைத்தன, ஏழாம் எண் கூண்டுக் குட்டியோ வளர்வதையே நிறுத்திவிட்டது. மனம் கேளாமல் தினமும் ஒரு வேர்க்கடலையை நீட்டினாள். அது முன்னங்கால்களால் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடும். தின்கிறது என்றே நம்பினாள். கூண்டைக் கழுவிய அன்று, மரத்தூளுக்கடியில் அவள் அதுவரை கொடுத்த பன்னிரண்டு கடலையும் பல் படாமல் கிடந்தன.

"மேடம், இதுக்கு மட்டும் ஊசிய நிறுத்திரலாமா?"

"மருந்து நல்லா வேலை செய்யுது ஜெசிந்தா. இப்பப் போய் நிறுத்துவாங்களா?" என்றார் ஆய்வாளர்.

ஜெசிந்தா ஊசியை நிரப்பிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் பக்கத்துக் கூண்டு எலிகள் மூலைக்கு ஓடி ஒண்டிக்கொண்டன. ஏழாம் எண் மட்டும் தள்ளாடியபடி அவள் கையைத் தேடி வந்தது. அப்படிப் பழக்கியது அவள்தான்.